பேர் வேண்டாம், அறை எண் போதும்

விடுதிக் காப்பாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்கள் கையில் விதிகள் அச்சடித்த ஒரு சிறு புத்தகம் இருக்கும். அதில் பாதி நான் எழுதியது. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எழுதிய விதிகளில் ஒன்று ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கப் பார்த்தது. தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் செய்து காட்ட வேறு ஆட்கள் வருவார்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பிள்ளையின் கதையை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தக்கலை. பெண்கள் விடுதிகளில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டினேன். கடைசி ஒன்பது வருடம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்லூரியில். கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பூட்டு'. நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் போதும், "ஏட்டி, பூட்டு வருது" என்று அறைக்கு அறை செய்தி போய்விடும். எனக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பயம் இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மேற்கு பிளாக்கில் பட்டப்பகலில் இரண்டு லேப்டாப் காணாமல் போயின. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். மறுநாளே விதி போட்டேன். காலை ஒன்பதேகாலுக்குள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். நான் மாடிக்கும் கீழுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, கீழே இரும்பு கிரில் கதவைப் பூட்டுவேன். மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பேன். மதியம் பிள்ளைகள் வகுப்பிலிருந்து நேரே மெஸ்ஸுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போக வேண்டும்.

நடை போய்ப் பார்ப்பது என்றால் கதவைத் தட்டிப் பார்ப்பதல்ல. ஒவ்வொரு அறைக்கும் வெளியே பூட்டுத் தொங்குகிறதா, வாசலில் செருப்பு கிடக்கிறதா, அவ்வளவுதான். பூட்டு இருந்து செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்று கணக்கு. பதிவேட்டில் 'உள்ளே யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மொத்தக் கட்டடத்தையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன், அவ்வளவு கெட்டிக்காரி.

சரி, உடம்புக்கு முடியவில்லை என்றால்? அதற்கும் விதி இருந்தது. என்னிடம் வந்து சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக் கொடுத்தால் வீட்டுக்குப் போன் செய்வேன். ஒரே பருவத்தில் மூன்றாவது சீட்டு என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். பொய்த் தலைவலியும் பொய் வயிற்றுவலியும் ஒரே மாதத்தில் நின்றுபோயின. நின்றுபோயின என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வருடம் மாடியில் பதினேழாம் அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மகேஸ்வரி, மயிலாடிக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே சிலை செய்யும் பட்டறை இருந்தது. அமைதியான பிள்ளை. இன்னொருத்தி அஜிலா. மார்த்தாண்டத்துக்கும் அந்தப் பக்கம். வாய் ஓயாது, பேசினால் பாட்டுப் படிப்பதுபோல இருக்கும். மகேஸ்வரி அந்தப் பருவத்தில் ஏற்கெனவே தலைவலிக்கு இரண்டு சீட்டு வாங்கியிருந்தாள்.

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்குச் சோற்றிலும் தலைமுடியிலும் மண். அந்த மாதங்களில் ஜன்னல்களை அடைத்து, அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொண்டிகளைப் பழைய துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிவிடுவோம். மாடி வராந்தாவின் இரண்டு முனைகளிலும் இருந்த ஜன்னல்களையும் அப்படித்தான் கட்டியிருந்தோம். கட்டச் சொன்னதும் நான்தான்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மதியம் பன்னிரண்டரைக்கு வந்தது. மெஸ்ஸில் ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். நானும் சிரித்தேன். அதே நேரத்தில் மாடியில் பன்னிரண்டாம் அறையில் ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பி சூடாகத் தொடங்கியிருந்தது. அந்த அறைப் பிள்ளை காலையில் கரண்ட் போனதும் வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரில் குளித்துவிட்டு, கம்பியைத் திரும்பவும் காலி பிளாஸ்டிக் வாளியில் போட்டிருக்கிறாள். சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்ச் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? வாளி உருகி, பக்கத்தில் இருந்த மெத்தை பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. புகை கிழக்கே போனது. மெஸ் மேற்கே இருந்ததால் எங்களுக்கு வாடைகூட வரவில்லை. கிழக்கு வாசலில் நின்ற காவலாளி அண்ணாச்சிதான் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"டீச்சர், மேக்கு பிளாக்குல மாடியில பொகை. கறுப்பா வருது."

பதிவேடும் சாவியும் எப்போதும் என் கையிலேயே இருக்கும். அவற்றோடு ஓடினேன். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு என் பின்னால் நாற்பது பிள்ளைகள். பன்னிரண்டாம் அறையின் காற்றுவழியில் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, மெயினை அணைச்சியளா?"

"அணைச்சாச்சு. தீயணைப்புக்கும் விளிச்சாச்சு. நீங்க கிரில மட்டும் தொறக்காதீங்க. தொறந்தா இந்தப் பிள்ளையளு உள்ள சாடிரும்."

அவர் சொன்னது சரிதான். "மிஸ், என் சர்டிபிகேட் எல்லாம் உள்ள இருக்கு," என்று ஒருத்தி கிரிலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ரெக்கார்டு நோட்டுக்காக அழுதாள். நான் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'உள்ளே யாரும் இல்லை', என் கையெழுத்து. உடனே மனம் அமைதியானது. பொருள் போனால் போகட்டும், உயிருக்கு ஆபத்தில்லையே என்று நினைத்தேன். இப்படி ஒரு நேரத்துக்காகத்தானே பூட்டுகிறோம் என்றுகூடத் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

"எல்லாரும் மைதானத்துக்குப் போங்க. அறை அறையா நில்லுங்க," என்றேன். போனார்கள். பதினேழாம் அறைக்கு அஜிலா மட்டும் தனியாக நின்றாள்.

"மகேஸ் எங்க?"

"டிபார்ட்மெண்ட்ல மிஸ்."

பலர் டிபார்ட்மெண்டில்தான் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அடுத்த அறைப் பிள்ளைகளிடம் போக வேண்டியவள், அஜிலாவின் கையைப் பார்த்து நின்றுவிட்டேன். துப்பட்டாவுக்கு அடியில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டை வெளியே எடுத்துப் போவது என் விதிப்படி குற்றம். சீட்டு வாங்கிய நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி.

"கையில என்னது?"

"சோறு மிஸ்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். சாயங்காலம் திங்கியதுக்கு."

"மகேஸை நீ பாத்தியா? டிபார்ட்மெண்ட்ல?"

"பாத்தேன் மிஸ்."

வாய் ஓயாத பிள்ளை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். இன்னொரு கையில் போன் இருந்தது. அதைப் பார்க்காமலே திரும்பத் திரும்ப ஒரே நம்பரை அமுக்கிக்கொண்டிருந்தாள். கண் என் முகத்தில் இல்லை. மாடியின் மேற்குக் கோடியில் இருந்தது.

உள்ளே ஆள் இருக்கிறது. இவளுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாள். சிநேகிதியின் உயிர் அவள் நாக்கு நுனியில் நிற்கிறது, எனக்குப் பயந்து அவளால் அதைத் துப்ப முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது நெருப்பைவிட என்மேல்தான் பயம்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நான் கோபக்காரி, உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒன்று புரிந்தது. இப்போது அதட்டினால் அவள் அந்தப் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். 'உள்ளே யார்' என்று கேட்கக் கேட்க அவள் காதில் விழுவது 'யாரை மாட்டிவிடப் போகிறாய்' என்பதுதான். பதிவேட்டை மூடித் தரையில் போட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மக்கா, எனக்குப் பேரு வேண்டாம். ஆரு, என்னத்துக்கு, ஒண்ணும் வேண்டாம். நான் எழுத மாட்டேன், ஆருகிட்டயும் கேக்க மாட்டேன். எந்த ரூமுக்குப் போகணும்? அதை மட்டும் சொல்லு."

"பதினேழு."

அந்த ஒரு சொல் வந்ததும் மீதி எல்லாம் கொட்டியது. "தலைவலி மாத்திரை போட்டு உறங்குகா மிஸ். காத்து சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சிருக்கா. காலத்த கரண்ட் இல்லாததுனால போன்ல சார்ஜ் இல்ல. நீங்க வருவிய இல்லியா, அதுனால நான்தான் வெளிய பூட்டினேன். செருப்ப உள்ள எடுத்துப் போட்டதும் நான்தான். சாவி இங்கன இருக்கு மிஸ்."

அறைக்கு அவள் பூட்டு, கட்டடத்துக்கு என் பூட்டு. நடுவில் அந்தப் பிள்ளை.

மெஸ்ஸில் சமைக்கும் அக்கா நல்ல உடம்புக்காரி. கிரிலைத் திறந்து, அவளை அதற்குக் குறுக்கே நிற்க வைத்தேன். "ஒரு ஈ உள்ள போகப்பிடாது," என்று சொல்லிவிட்டு, நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அண்ணாச்சியோடு படியேறினேன். படிக்கட்டு கிழக்கே, பன்னிரண்டாம் அறையை ஒட்டி. பதினேழு மேற்குக் கடைசி. எரிகிற அறையைத் தாண்டாமல் அங்கே போக வழியில்லை. ஜன்னலெல்லாம் கட்டிப்போட்ட வராந்தாவில் புகை கூரையிலிருந்து என் இடுப்புவரை இறங்கி நின்றது. பிளாஸ்டிக் எரிந்த புகை. ஒரு மூச்சு இழுத்தேன், நெஞ்சு அடைத்து முழங்கால் மடங்கியது. ஐம்பது அடி போனால் அவள் அறை. சாவி என் கையில் இருக்கிறது.

திரும்பிவிட்டேன்.

இதை நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று நான் செய்ததில் மிகச் சரியான காரியம் அதுதான். அதைச் செய்யும்போதுதான் என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். அந்த வராந்தாவில் நான் விழுந்திருந்தால் அண்ணாச்சி என்னைத் தூக்க வந்து அவரும் விழுந்திருப்பார். உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த பெரியவர்கள் வெளியே ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

"டீச்சர், பின்னால மேக்க ஜன்னலு உண்டுல்லா," என்றார் அண்ணாச்சி இருமிக்கொண்டே.

ஓடினோம். பதினேழாம் அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. கம்பி போட்ட ஜன்னல், அந்த வழியாக ஆள் வெளியே வர முடியாது. ஆனால் கண்ணாடி உடைந்தால் காற்று உள்ளே போகும். ஆடிக் காற்று. எந்தக் காற்றைத் தினம் திட்டிக்கொண்டிருந்தோமோ அது நேராக அந்த ஜன்னலில்தான் மோதிக்கொண்டிருந்தது. அது உள்ளே புகுந்தால் கதவிடுக்கில் வருகிற புகையை வந்த வழியே தள்ளும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் காற்று நெருப்புக்கும் தீனி போடுமே என்ற பயமும் இருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எடுத்தேன்.

அண்ணாச்சி எறிந்த முதல் கல் சுவரில் பட்டது. இரண்டாவதும் சுவரில். நான் எறிந்தது அந்த உயரம்கூடப் போகவில்லை. அவருடைய மூன்றாவது கல்லுக்குக் கண்ணாடி உடைந்தது. "மகேஸ், ஏட்டி மகேஸ்," என்று அஜிலா தொண்டை கிழியக் கத்தினாள். அசைவில்லை. நான்காவது கல், ஐந்தாவது கல். உடைந்த இடத்தில் திரைச்சீலை உள்ளே பறந்து ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அஜிலா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகேஸ் வீட்டில் என்ன சொல்வேன், யார் முகத்தில் விழிப்பேன் என்று என் புத்தி எங்கெங்கோ போனது.

அப்புறம் ஒரு கை வந்து கம்பியைப் பிடித்தது. பின்னால் முகம். தலையில் இறுக்கிக் கட்டிய துணி, இருமல். கீழே என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அந்தப் பிள்ளை சொன்ன முதல் பேச்சு இது.

"மிஸ், அப்பாக்குப் போன் பண்ணிராதீங்க."

காப்பாற்றுங்கள் என்றல்ல. என்ன நடக்கிறது என்றல்ல. நான் அங்கேயே செத்துவிட்டேன்.

"பண்ணல்ல மக்கா. இப்பம் நான் சொல்லியதைக் கேளு. வெள்ளம் எவ்வளவு வச்சிருக்க?"

"ஒரு குடம்."

"போர்வைய முக்கி எடுத்துக் கதவுக்குக் கீழ அடை. ஒரு இடுக்கு இருக்கப்பிடாது. அடைச்சிட்டு இங்கன வந்து மூக்கக் கம்பிக்கு வெளிய நீட்டிட்டு நில்லு. கதவுகிட்ட பெறவு போகாத."

செய்தாள். தீயணைப்பு வண்டி வரும்வரை அவளைப் பேசவைத்துக்கொண்டே இருந்தோம். அஜிலா அவளுக்கு அன்றைய மெஸ் சாப்பாட்டைத் திட்டித் திட்டி விவரித்தாள். மெஸ்ஸுக்கும் பொறுப்பான நான் பக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கவலையே படவில்லை. வந்தவர்கள் தண்ணீர் அடித்து, முகமூடி போட்டுப் போய், அஜிலாவின் சாவியால் பூட்டைத் திறந்து அவளைத் தூக்கிவந்தார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். அந்த வாரமே பகல் பூட்டை எடுத்தேன். கிரிலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன். பகலில் அறையில் இருக்கிறவர்கள் அறை எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் மட்டும் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போக வேண்டும். பேர் வேண்டாம். காரணம் வேண்டாம். "பிள்ளைகள் வகுப்பை ஏமாற்றுவார்கள்" என்று பேராசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஏமாற்றினால் அதை நீங்கள் பிடியுங்கள், கட்டடம் எரிந்தால் எந்தக் கதவை முதலில் உடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். நீங்களும் அப்படி ஒன்று மாட்டுங்கள். முதல் மாதம் ஒருத்தியும் எழுத மாட்டாள். எழுதுகிறவளை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டால் இரண்டாவது மாதம் எழுதத் தொடங்குவார்கள்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மகேஸ்வரி என் கையை விடவேயில்லை. "அப்பா படிப்ப நிறுத்திருவாங்க மிஸ்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே நின்று பண்ண மாட்டேன் என்று சொன்னவள்தான் நான். ஆனால் பெற்ற தகப்பனிடம் இதை மறைக்க முடியாது. "பண்ணத்தான் வேணும் மக்கா. ஆனா உன்மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டே போன் செய்தேன்.

அவள் அப்பா பட்டறையிலிருந்து அப்படியே பைக்கில் வந்திருந்தார். முழங்கைவரை கல்பொடி. வார்டுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பிள்ளைக்கு என்ன டீச்சர்?"

"பொகை குடிச்சிருக்கா. ஆபத்து இல்லன்னு டாக்டர் சொல்லியாச்சு. ரெண்டு நாள் இங்க இருக்கணும்."

"எல்லாரும் கிளாசுக்குப் போன நேரத்துல இவ என்னத்துக்கு உள்ள இருந்தா?"

"ஒத்தத் தலைவலி. மாத்திரை போட்டுப் படுத்திருந்தா. உள்ள ஆளு உண்டுமான்னு தட்டிப் பாக்காம பூட்டினது நான்."

திட்டுவார் என்று நின்றேன். கை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அவளுக்குத் தலைவலி உண்டுமா?"

"உண்டுமே. அதுக்குத்தானே ரெண்டு தடவை உங்களுக்குப் போன் பண்ணினேன்."

"நீங்க தலைவலின்னு சொல்லல்ல டீச்சர்." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "உங்க மக இன்னைக்குக் கிளாசுக்குப் போகல்ல, கொஞ்சம் கண்டிச்சு வையுங்கன்னு சொன்னிய. ரெண்டு தடவையும் அதைத்தான் சொன்னிய. நான் கண்டிச்சேன். இன்னொரு போன் வந்தா படிப்ப நிறுத்திப் போடுவேன்னு சொன்னேன். அவ என்னமோ சொல்ல வந்தா, நான் கேக்கல்ல. தலைவலின்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே."

அவர் கல்பொடிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மகளின் தலைமாட்டில் நின்றார். நான் வெளியிலேயே நின்றேன்.